கூகுளில் மட்டும் தெரியும் ஜப்பான் எழுத்து

ஐயா, பனியன் மொத்த வியாபாரம் செய்கிறோம். வேர்ட்பிரஸில் (தளம் உருவாக்கும் மென்பொருள்) தளம். கூகுளில் கடைப் பெயரைத் தேடினால் அதன் கீழே ஜப்பான் எழுத்தில் ஏதேதோ வருகிறது. தளத்தைத் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. தளம் செய்து கொடுத்த தம்பி, ‘கூகுள் கோளாறு, தானே போய்விடும்’ என்கிறார். போய்விடுமா? – திருப்பூர் வாசகர்

போகாது. தளத்துக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். இது உங்களுக்கு மட்டும் வந்த வினோத நோய் இல்லை, இதைச் சரிசெய்வது எப்படி என்று கூகுளே தனியாக ஒரு வழிகாட்டி எழுதி வைத்திருக்கிறது என்றால் எவ்வளவு பரவலான விஷயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். புகுந்தவர்கள் உங்கள் தளத்தில் வாய்க்கு வந்த பெயரில் பக்கங்களை ஆயிரக்கணக்கில் உருவாக்கி, போலி பிராண்டு பொருள்களை விற்கும் கடைகளுக்கு அங்கிருந்து ஆள் அனுப்புவார்கள். உங்கள் தளத்துக்குக் கூகுளிடம் இருக்கும் நல்ல பெயர் அவர்களுக்கு இலவசம்.

உங்கள் கண்ணுக்குத் தெரியாததற்குக் காரணம், அவர்கள் உள்ளே வைத்த நிரல் வருவது யார் என்று பார்த்துப் பக்கத்தை மாற்றிக் கொடுக்கிறது. கூகுளின் தேடுபொறி வந்தால் ஜப்பான் பக்கம், நீங்கள் வந்தால் பனியன், அல்லது ‘பக்கம் இல்லை’. அதனால் பிரௌசரில் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். சர்ச் கன்சோலில் (தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கூகுள் சேவை) அந்த முகவரியைக் கொடுத்து, நேரடிச் சோதனையில் கூகுளுக்கு என்ன தெரிகிறது என்று பாருங்கள். அப்படியே செட்டிங்ஸில் பயனர் பட்டியலையும் பாருங்கள். பழக்கமில்லாத மின்னஞ்சல் ஒன்று உரிமையாளராக உட்கார்ந்திருக்கலாம். அதை நீக்கினால் மட்டும் போதாது, தானே உரிமையாளர் என்று கூகுளுக்குக் காட்ட அவர் சர்வரில் போட்டு வைத்த சரிபார்ப்புக் கோப்பையும் அழிக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி வந்து உட்காருவார்.

சுத்தம் செய்யும் முன் ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள். வேர்ட்பிரஸின் மூலக் கோப்புகளைப் புதிதாக இறக்கி மாற்றுங்கள், ப்ளகின்களையும் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) அப்படியே. படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் ஃபோல்டரில் பிஎச்பி (சர்வரில் ஓடும் நிரல்) கோப்பு ஏதாவது கிடந்தால் பெரும்பாலும் அதுதான் திருடன். தெரியாத அட்மின் கணக்குகளை நீக்கிவிட்டு ஹோஸ்டிங், டேட்டாபேஸ், அட்மின் என்று எல்லா பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள். கான்ஃபிக் கோப்பில் உள்ள ரகசியச் சாவிகளையும் மாற்றினால்தான் ஏற்கெனவே உள்ளே இருப்பவர் வெளியே தள்ளப்படுவார்.

அப்புறம், நிறைய பேர் அவசரத்தில் அந்த ஜப்பான் முகவரிகளை ரோபாட்ஸ் கோப்பில் (தேடுபொறி எங்கே வரலாம், வரக் கூடாது என்று சொல்லும் கோப்பு) தடுத்துவிடுகிறார்கள். வேண்டாம். கூகுள் திரும்ப வந்து ‘404’ (பக்கம் இல்லை) அல்லது ‘410’ (பக்கம் நீக்கப்பட்டது) பார்த்தால்தான் அவற்றைப் பட்டியலிலிருந்து எடுக்கும். வாசலை அடைத்துவிட்டால் பக்கம் போனது அதற்கு எப்படித் தெரியும்? சர்ச் கன்சோலின் நீக்கல் கருவியில் கொடுத்தாலும் சுமார் 6 மாதம் மறைத்து வைக்கும், அவ்வளவே. அங்கேயே பாதுகாப்புப் பிரிவில் எச்சரிக்கை இருந்தால் எல்லாம் முடிந்த பிறகு மறுஆய்வு கேளுங்கள்.

தம்பியிடம் சண்டை போட வேண்டாம், ஆனால் ஒன்று கேளுங்கள்: காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் (தளத்தின் தோற்ற வடிவம்) எதையாவது இலவசமாக எங்கிருந்தாவது இறக்கிப் போட்டாரா? புதுப்பிக்காத ப்ளகினுக்கு அடுத்தபடியாக நான் சந்தேகப்படுவது அதைத்தான்.

சமையல் குறிப்புத் தளம் வைத்திருக்கிறேன். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் (தளத்தின் வேகத்தை அளக்கும் கூகுள் கருவி) மொபைல் மதிப்பெண் 38. மூன்று வேக ப்ளகின் போட்டும் ஏறவில்லை. 100 வாங்கினால்தான் கூகுள் மேலே ஏற்றுமாமே? – மதுரை வாசகி

யார் சொன்னது? அந்த மதிப்பெண் ஒரு மெதுவான போனைப் பாவனை செய்து போடும் சோதனைக்கூடக் கணக்கு. அதே பக்கத்தில் மேலே இருப்பதைப் பாருங்கள், கடந்த 28 நாளில் உங்கள் தளத்துக்கு உண்மையாகவே குரோமில் வந்தவர்களின் அனுபவம் அங்கே இருக்கும் (வருகை ரொம்பக் குறைவு என்றால் இருக்காது). முக்கியமான பெரிய படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் அசைய வேண்டும், படிக்கும்போது பக்கம் குதிக்கும் அளவு 0.1ஐத் தாண்டக் கூடாது. நூறு வருகையில் 75 இப்படி இருந்தால் பாஸ்.

மூன்று வேக ப்ளகின்களில் இரண்டைத் தூக்குங்கள், ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். போனில் எடுத்த 4,000 பிக்சல் அகலப் படத்தை அப்படியே ஏற்றாமல் சிறிதாக்கி வெப்பி (அளவு குறைந்த பட வகை) வடிவில் போடுங்கள், அகல உயரத்தையும் குறிப்பிடுங்கள். படங்களைத் தாமதமாக ஏற்றும் வசதி கீழே உள்ளவற்றுக்கு நல்லது, முதல் திரையில் தெரியும் சாம்பார் படத்துக்குக் கூடவே கூடாது. தமிழ் எழுத்துரு நான்கைந்து தடிமன் ஏற்றியிருந்தால் இரண்டு போதும்.

செய்த மறுநாளே மேலே உள்ள எண்கள் மாறாது, 28 நாள் தொகுப்பு என்பதால் பொறுமை வேண்டும். இன்னொன்று, வேகம் சுமாராக இருந்தாலும் விஷயம் பொருத்தமாக இருந்தால் கூகுள் அதைத்தான் மேலே வைக்கப் பார்க்கும். குறிப்பில் உப்பு அளவு இல்லாமல் 100 வாங்கி என்ன பயன்?

எங்கள் தளபாடக் கடையின் தளத்தைப் புதிதாக வடிவமைத்தோம். அதிலிருந்து தேடலில் நாங்கள் இல்லவே இல்லை. அபராதமா? – யாழ்ப்பாண வாசகர்

அபராதம் என்றால் சர்ச் கன்சோலில் செய்தி வந்திருக்கும். முதலில் வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் ரீடிங் பகுதிக்குப் போய், தேடுபொறிகள் வர வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா பாருங்கள். வேலை நடக்கும்போது போட்டுவிட்டுத் திறக்கும் நாளில் எடுக்க மறப்பது அடிக்கடி நடப்பது. அது இல்லையென்றால், பக்க முகவரிகள் மாறியிருக்கும். பழைய நாற்காலிப் பக்கத்திலிருந்து புதிய நாற்காலிப் பக்கத்துக்கு ‘301’ திருப்பம் (பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புதியதற்கு அனுப்புவது) போடுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால் கூகுள் அதை இல்லாத பக்கமாகவே எடுத்துக்கொள்ளும். திருப்பங்களை ஒரு வருடமாவது வைத்திருங்கள்.

‘பாதுகாப்பற்றது’ என்று குரோம் காட்டுகிறது. சான்றிதழுக்கு ஆண்டுக்கு ஒரு பெரிய தொகை கேட்கிறார்கள். கொடுக்கலாமா? – சேலம் வாசகர்

சாதாரணக் கடைத் தளத்துக்குத் தேவையில்லை. எச்டிடிபிஎஸ் (தகவலைப் பூட்டி அனுப்பும் இணைப்பு, சான்றிதழ் இதற்குத்தான்) இல்லாத எல்லாத் தளத்துக்கும் குரோம் 2018 ஜூலையிலிருந்து இப்படித்தான் காட்டுகிறது. லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகவே சான்றிதழ் தருகிறது, காலம் குறைவு என்பதால் தானாகப் புதுப்பிக்கும்படி ஹோஸ்டிங்கில் அமைத்துவிடுங்கள். போட்ட பிறகும் எச்சரிக்கை வந்தால் பக்கத்தில் ஏதாவது இன்னும் பழைய எச்டிடிபி முகவரியையே பயன்படுத்துகிறதா என்று தேடுங்கள். சான்றிதழ் இருந்தால் ஹேக் ஆகாது என்று உங்களிடம் விற்க வந்தவர் சொன்னால், முதல் கேள்வி கேட்ட திருப்பூர்க்காரர் தளத்திலும் அது இருந்திருக்கலாம் என்று சொல்லுங்கள்.