பாடம் அப்புறம், பாக்கி முதலில்

கேள்வி: ஒரே விளம்பர நிறுவனத்துக்கு நான்கு ஆண்டுகளாகத் தமிழ் மொழிபெயர்ப்பு செய்துவந்தேன். என் வருமானத்தில் பெரும்பகுதி அதுதான். "வேறு ஆளை ஏற்பாடு செய்துவிட்டோம்" என்று போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. இரண்டு பில்லுக்கு இன்னும் பணம் வரவில்லை. கேட்டால் உறவு முறிந்துவிடுமோ என்று பேசாமல் இருக்கிறேன். இதில் நான் கற்க வேண்டிய பாடம் என்ன?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: பாடம் அப்புறம். முதலில் பாக்கியைக் கேளுங்கள். உங்களுக்கு வேலை தராமல் இருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. செய்த வேலைக்குக் காசு தராமல் இருக்க உரிமை கிடையாது. உறவை முறித்தது அவர்கள்தானே, நீங்கள் ஏன் தயங்க வேண்டும்?

இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். பில் எண், வேலையை ஒப்படைத்த தேதி, தொகை, பணம் வந்துசேர வேண்டிய கடைசி நாள். இவ்வளவு போதும், நான்கு ஆண்டுப் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். அந்த நாளும் தாண்டினால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை அங்கே கோரலாம். 2 ஆண்டுகளுக்குள் போய்விட வேண்டும். வழக்கறிஞர் வைத்து வாதாட அங்கே யாருக்கும் அனுமதியில்லை, அதனால் பெரிய நிறுவனமாயிற்றே என்று மலைக்காதீர்கள். ஒப்பந்தம் போடவில்லை என்றால், "வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்" என்று அவர்கள் அனுப்பிய செய்திகள்தான் உங்கள் சாட்சி. ஒன்றையும் அழித்துவிடாதீர்கள்.

சரி, இனி பாடம். சொல்வதற்குக் கோபிக்க வேண்டாம். சுயதொழில் என்ற பெயரில், சலுகை எதுவும் இல்லாத சம்பள வேலையைத்தான் செய்திருக்கிறீர்கள். முதலாளி போடும் மத்திய சேமநிதிப் (மசேநிதி) பங்கு இல்லை, சம்பளத்தோடு விடுப்பு இல்லை, முன்னறிவிப்பு இல்லை. நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்பில் கட்டுவதும் உங்கள் கைக்காசு. இத்தனையும் சுமக்கிறவர், இன்னும் இரண்டு பேரிடம் வேலை வாங்கும் சுதந்திரத்தையாவது பயன்படுத்தியிருக்க வேண்டாமா?

வேலை இல்லாமல் போகாது. தமிழ் இங்கே ஆட்சிமொழி. பிழையான தமிழில் ஓர் அறிவிப்புப் பலகை வந்தால் நம் மக்கள் சும்மா விடுவதில்லை. நல்ல கைக்கு இங்கே தேவை இருக்கிறது.

ஆனால் இனி வாய்வார்த்தை வேண்டாம். சுயதொழில் செய்வோரை அமர்த்தும் நிறுவனங்களுக்காக அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் என மூன்று தரப்பும் சேர்ந்து 2018இல் கொண்டுவந்த முத்தரப்புத் தரநிலையே, வேலை என்ன, கட்டணம் எவ்வளவு, எப்போது தருவார்கள், தகராறு வந்தால் எப்படித் தீர்ப்பது என்பதையெல்லாம் எழுத்தில் வைக்கச் சொல்கிறது. அதோடு, நிறுத்துவதானால் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்ற வரியையும் சேருங்கள். அடுத்து ஒருவர் அவசரம் என்று அழைத்தால் இதை அனுப்புங்கள். சம்மதம் எழுத்தில் வந்த பிறகு கோப்பைத் திறங்கள்.