டிராஃபிக்கில் கார் ஓட்டும்போது பெட்ரோலை எப்படி மிச்சம் பிடிப்பது?

கேள்வியைப் பார்த்ததுமே புரிகிறது. புதுசாகக் கார் எடுத்திருக்கிறீர்கள், விளம்பரத்தில் லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் என்றார்கள், கைக்கு 11தான் வருகிறது, சர்வீஸில் கேட்டால் "நீங்க ஓட்டற விதம் சார்" என்கிறார்கள். சரியா? எனக்கும் அதையேதான் சொன்னார்கள். கோபம் வந்தது, ஆனால் பாதி உண்மை.

நான் மெக்கானிக் இல்லை. வேளச்சேரியிலிருந்து ரேடியல் ரோடு பிடித்து, துரைப்பாக்கத்தில் ஓஎம்ஆரில் திரும்பி சோழிங்கநல்லூர் போகிறவன். ஒரு பக்கம் 13 கிலோமீட்டர் சொச்சம், சாயங்காலம் ஒரு மணி நேரம். 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி, கியர் நாமே போடுவது. ஆட்டோமேடிக் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

முதலில் நான் அடித்த கூத்து. சிக்னலில் இன்ஜினை அணைக்கச் சொல்வார்கள். தப்பில்லை, சும்மா நின்றாலே என் வண்டி மாதிரி ஒன்று மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும், ஏசி ஓடினால் இன்னும் கூட. அதைக் கேட்டு நான் பத்து செகண்ட் நின்றால்கூட சாவியைத் திருப்பினேன். நாலு வருஷ பேட்டரி. ஒருநாள் துரைப்பாக்கம் சிக்னலில் பச்சை விழுந்தது, சாவியைத் திருப்பினால் டிக் டிக் டிக் என்று சத்தம், அவ்வளவுதான். பின்னால் தண்ணீர் லாரி, காது கிழிகிற ஹாரன். லாரியின் கிளீனர் பையன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, "செகண்ட் கியர் போட்டு கிளட்ச்ச மிதிச்சுக்கோங்கண்ணா" என்று தனியாளாகத் தள்ளினான். "இப்ப விடுங்க!" வண்டி ஒரு குலுக்கு குலுக்கிப் பிடித்துக்கொண்டது. "பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு ஆஃப் பண்ணீங்களா?" என்று சிரித்துவிட்டு, நான் நன்றி சொல்வதற்குள் லாரியில் ஏறிவிட்டான். புது பேட்டரி 4,800 ரூபாய். இப்போது சிக்னல் போர்டில் 60 செகண்டுக்கு மேல் காட்டினால்தான் அணைக்கிறேன்.

உண்மையில் மிச்சமாவது வேறு இடத்தில். முன்வண்டி நகர்ந்ததும் மிதித்துக்கொண்டு ஓடி, அதன் சிவப்பு விளக்கு எரிந்ததும் பிரேக் அடிக்கிறோமே, மிதித்த பெட்ரோல் முழுக்க பிரேக்கில் சூடாகப் போகிறது. நான் இப்போது ஒன்றரை வண்டி நீளம் விட்டு, ஃபர்ஸ்ட் கியரில் கிளட்சை முழுசாக விட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஊர விடுகிறேன். நடக்கிற வேகத்தில் தானாகப் போகும். ஹாஃப் கிளட்சில் மட்டும் தொங்கவிடாதீர்கள், பிளேட் போனால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்கே சரியாகிவிடும். இடைவெளி விட்டால் ஆட்டோ நுழையும் என்பீர்கள். நுழையும்தான். ஒருநாள் எண்ணினேன், வீடு போய்ச் சேர்வதற்குள் 17 வண்டி முன்னால் நுழைந்தது, எல்லாம் சேர்ந்து எனக்கு ஒரு சிக்னல் நேரம்கூட நஷ்டமில்லை.

என் மாமனார் கார்புரேட்டர் காலத்து அம்பாசிடர் ஓட்டியவர். பாலம் இறங்கும்போதெல்லாம் "நியூட்ரல்ல போடுங்க மாப்ளே" என்பார். இப்போதைய வண்டியில் கியரிலேயே வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், ஓரளவு வேகம் இருக்கும்வரை இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் அணையாமல் இருக்க அது குடித்தே ஆக வேண்டும். இதை விளக்கியதற்கு டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கு என்பவர்கள், மே மாதம் பெருங்குடி குப்பைக்கிடங்குப் பக்கம் ஒருமுறை இறக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

டேங்க் ஃபுல் பண்ணிக் கணக்குப் பார்த்ததில் 11.2 இருந்தது 13.8 ஆனது. மாதம் 350 கிலோமீட்டருக்கு ஆறு லிட்டர், 600 ரூபாய். பேட்டரிக் காசு வரவே எட்டு மாதம், அது பழைய பேட்டரி என்பது வேறு கதை.

வீட்டிலேயே உட்கார்ந்தால் முழு டேங்கும் மிச்சம். ஆபீஸில் விட்டால்தானே? வாரம் மூன்று நாள் கட்டாயம், முகம் பார்த்துப் பேசணுமாம். என் டீமில் ஒருவர் புனே, இன்னொருவர் நொய்டா. ஒரு மணி நேரம் ஊர்ந்து போய், சீட் கிடைக்காமல் கேன்டீனில் ஹெட்ஃபோன் மாட்டி அவர்களோடு பேசுகிறேன். கார்டு தேய்த்த நேரம் எக்செலில் வரும், 9:40 என்றால் சிவப்பு. மெட்ரோவில் போ என்று எழுத வேண்டாம், எங்கள் பக்கம் தூண்தான் நிற்கிறது.

டயர் காற்றைச் சொல்ல மறந்துவிட்டேன். காலையில் டயர் சூடேறும் முன் பாருங்கள், அளவு டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும்.