சாயங்காலம் வீடு திரும்பினால் குழந்தை பணிப்பெண்ணை விட்டு வர மறுக்கிறான். என்னை மறந்துவிட்டானா?

கேட்டவர் சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கும் ஒரு தாய். மகனுக்கு 9 மாதம். 16 வார மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குப் போகிறார். பகலெல்லாம் பணிப்பெண்தான் பார்த்துக்கொள்கிறார். ஆளை மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

மறக்கவில்லை. ஆளையும் மாற்றாதீர்கள்.

பிள்ளை ஒருவரிடம்தான் ஒட்டும் என்பது சரியல்ல. ஷாஃபர், எமர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1964-ல் எழுதினார்கள். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் அப்பா, பாட்டி என்று பலரிடம் ஒட்டிக்கொண்டிருந்தன. கூடவே அதிக நேரம் இருந்தவரைவிட, அழுதால் உடனே கவனித்தவரிடமும் விளையாட்டுக் காட்டியவரிடமும்தான் ஒட்டுதல் பலமாக இருந்தது. பால் கொடுப்பவரிடம்தான் ஒட்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னாலும் கவலைப்பட வேண்டாம். ஹார்லோ என்ற உளவியலாளர் வளர்த்த குரங்குக் குட்டிகள், பால் கொடுத்த கம்பிப் பொம்மையை விட்டுவிட்டு, மெத்தென்ற துணிப் பொம்மையைத்தான் நாளெல்லாம் கட்டிக்கொண்டு கிடந்தன.

6 மாத வயதுக்கு முன் யார் தூக்கினாலும் போன பிள்ளை, 7, 8 மாதத்தில் ஆள் பார்க்கத் தொடங்கும். கைமாறுவது அந்த வயதில் பெரிய விஷயம். அதிலும் சாயங்காலம் ஏழு மணிக்கு அவன் களைத்திருப்பான். நீங்கள் எம்ஆர்டி ரயில் நெரிசலிலிருந்து வந்த வேகத்தோடு கை நீட்டுகிறீர்கள்.

நாளை இப்படிச் செய்து பாருங்கள். கை கால் கழுவிவிட்டு, அவன் பணிப்பெண் மடியில் இருக்கும்போதே எதிரில் தரையில் உட்காருங்கள். முகம் அவன் கண் மட்டத்தில் இருக்கட்டும். கை நீட்டாதீர்கள். அவன் 'ம்மா', 'தா' என்று ஏதாவது சத்தம் போட்டால் அதையே திருப்பிச் சொல்லிவிட்டுப் பத்து நொடி சும்மா இருங்கள். பெரும்பாலானவர்கள் இந்தப் பத்து நொடியில்தான் தவறுகிறார்கள். குழந்தை முகத்தைத் திருப்பினால் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, கிலுகிலுப்பையை ஆட்டி, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, இன்னும் நெருங்குகிறார்கள். உண்மையில் அது கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். காத்திருந்தால் தானே திரும்பிப் பார்க்கும். அவன் உங்கள் பக்கம் சாயும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். அம்மா சில நிமிடம் முகத்தை அசைக்காமல் வைத்திருந்தால் என்ன ஆகிறது என்று டிரோனிக் என்ற உளவியலாளர் சோதித்தார். குழந்தை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டிப் பார்த்தது, கடைசியில் அழுதது. திரையைப் பார்க்கும் முகமும் குழந்தைக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும். ஆனால் எந்நேரமும் ஈடுகொடுக்க வேண்டியதில்லை. நல்ல தாய்மார்களுக்கும் குழந்தையோடு இசைவு தவறிக்கொண்டேதான் இருக்கும். தவறியதும் திரும்பச் சேர்ந்துகொள்வதுதான் முக்கியம்.

காலையில் அவன் பார்க்காதபோது நழுவிப் போகாதீர்கள். நம் வீடுகளில் இது வழக்கம், அழாமல் இருக்கட்டும் என்றுதான் செய்கிறோம். ஆனால் அம்மா எந்த நொடியும் காணாமல் போகலாம் என்று பிள்ளை கற்றுக்கொண்டு, பிறகு நீங்கள் குளியலறைக்குப் போனாலும் அலறும். தினமும் ஒரே வார்த்தை, ஒரு முத்தம், அரை நிமிடத்தில் கதவு. அழட்டும், தூக்கிக்கொள்ளத்தான் ஆள் இருக்கிறாரே.

ஒரு வேலையை உங்களுடையதாக வைத்துக்கொள்ளுங்கள். தூங்கவைப்பது என் தேர்வு, ஏனென்றால் பயமும் அசதியும் வரும் நேரம் அது. பணிப்பெண்ணின் ஓய்வு நாளில் முழுப் பொறுப்பும் நீங்களும் கணவரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆளை மாற்ற வேண்டாம் என்றதற்குக் காரணம், 8 முதல் 18 மாதம் வரை பிரிவு மிகவும் உறைக்கும். பணிப்பெண் உங்கள் இடத்தைப் பிடிக்கவில்லை. நீங்கள் இல்லாத பகலில் அவன் அழுதால் ஓட ஒரு தோள் இருக்கிறது. ஒருவேளை அவர் ஊருக்குத் திரும்புவதானால் புதியவர் ஓரிரு வாரம் முன்பே வரட்டும். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், பிறகு பழையவர் அருகில் இருக்கும்போதே சோறு ஊட்டட்டும், தூங்கவைப்பது கடைசியாக. சிசு பராமரிப்பு நிலையத்தில் சேர்த்தாலும் இதே கதைதான். அங்கே 5 குழந்தைக்கு ஒருவர் இருப்பார், உங்கள் மகனைப் பெரும்பாலும் தூக்கப்போவது யார் என்று முதல் நாளே கேளுங்கள்.

ஒட்டுதல் இருக்கிறதா என்று பார்க்க விடுமுறை நாளில் அவனைத் தரையில் விடுங்கள். சமையலறை வாசல் வரை தவழ்ந்து போய், அங்கே நின்று, தோளுக்கு மேலாக உங்களைத் திரும்பிப் பார்ப்பான். பார்த்துவிட்டு மேலே போவான். உகாண்டாவில் 1954, 55-ல் ஐன்ஸ்வர்த் என்ற உளவியலாளர் தாய்மாரோடு உட்கார்ந்து கவனித்தது இதைத்தான்.

அவன் யாரையும் இப்படிப் பார்ப்பதில்லை, பேர் சொன்னாலும் திரும்புவதில்லை, சிரிப்புக்குச் சிரிப்பதில்லை என்றால் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள். உங்களுக்கே இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டவில்லை, அவனைத் தூக்கவே தோன்றவில்லை என்றாலும் அங்கே போய்ச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு முதல் ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், சிகிச்சையில் குணமாகும்.