மைக்ரேன் வந்தால் தலை சீவினால்கூட ஏன் வலிக்கிறது?

மைக்ரேன் முற்றும்போது சிலருக்குச் சீப்பு பட்டாலே வலிக்கும். மூக்குக்கண்ணாடியின் கம்பி பட்டாலும் தாங்காது. தோலில் கோளாறு எதுவுமில்லை. முகத்திலிருந்தும் மூளை உறையிலிருந்தும் சேதி கொண்டுபோகும் நரம்புப் பாதை திரும்பத் திரும்பத் தூண்டப்பட்டதில், சாதாரணத் தொடுதலையே வலி என்று சொல்ல ஆரம்பித்துவிடுகிறது. வலிக்கூர்மை என்பது இதுதான்.

இதைத் தணிக்க உடம்பிலேயே உள்ள ஏற்பாடுதான் எண்டோகன்னாபினாய்டு அமைப்பு; அதாவது, கஞ்சாவிலுள்ள பொருளைப் போல வேலை செய்யும் பொருள்களை உடம்பே தயாரித்துக்கொள்வது. பால் பொங்கி வரும்போது கொஞ்சம் தண்ணீர் தெளிப்போமே, அந்த வேலைதான். மிதமிஞ்சித் தூண்டப்பட்ட நரம்புச் செல் அந்த இடத்திலேயே ஒரு பொருளைத் தயாரித்து, சேதி அனுப்பிய செல்லுக்கே திருப்பி அனுப்பி, 'போதும், நிறுத்து' என்கிறது. பிறகு நொதிகள் அதைச் சிதைத்துவிடும். இப்படிப்பட்ட பொருள்களில் முதலில், 1992இல் ஜெருசலேமில் வேதியியலாளர் ரஃபேல் மெக்கூலம் குழு கண்டறிந்ததன் பெயர் அனந்தமைடு. ஆமாம், நம் 'ஆனந்தம்'தான்! நாள்பட்ட மைக்ரேன் உள்ளவர்களின் மூளைத் தண்டுவட நீரில் இது குறைவாக இருந்ததை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். குறைவு காரணமா விளைவா என்பது இன்னும் முடிவாகவில்லை.

"அப்படியானால் கஞ்சாதான் மருந்தா?" என்று உடனே கேட்பார்கள். இல்லை; உடம்பு பொங்கும் பாத்திரத்தில் மட்டும் தெளிக்கிறது, கஞ்சா அடுப்பங்கரை முழுக்க வாளித் தண்ணீரைக் கொட்டுகிறது.