ஆலை எங்கே அமையும்? லாரி வாடகையும் கூலியும்: கேள்வி பதில்

கும்பகோணம் பக்கம் சிறுதொழில்களுக்குத் திட்ட அறிக்கை எழுதிக் கொடுப்பது என் தொழில். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். மானியம், கடன் பற்றிக் கேட்டவர்கள் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள்.

குருங்குளத்திலிருந்து: சர்க்கரை ஆலை மட்டும் ஏன் கரும்பு வயலை ஒட்டியே இருக்கிறது?

100 டன் கரும்பு ஏற்றி வந்தால் சர்க்கரையாகத் தேறுவது 9, 10 டன்தான். மற்றதெல்லாம் சக்கை, தண்ணீர், மொலாசஸ். தூரத்து ஆலைக்கு ஏற்றினால் அதற்கும் சேர்த்துத்தான் வாடகை. வெட்டிய கரும்பு ஒரு நாள் வெயிலில் கிடந்தாலே எடையும் சர்க்கரைச் சத்தும் இறங்கிவிடும். 1909-ல் ஆல்பிரட் வேபர் என்ற ஜெர்மானியர் இதைக் கோட்பாடாக எழுதினார்: எடை இழக்கும் மூலப்பொருள் ஆலையைத் தன் பக்கம் இழுக்கும். டால்மியாபுரம், அரியலூர் சிமெண்ட் ஆலைகள் சுண்ணாம்புக்கல் பக்கத்தில் இருப்பதும் இதனால்தான்.

மன்னார்குடியிலிருந்து: அப்படியானால் நம் நெல் ஏன் கூட்ஸ் ரயிலேறி வெளிமாவட்டத்துக்கு அரவைக்குப் போகிறது? அரிசி ஆலைகள் நிறைந்த காங்கேயத்தில் நெல்லா விளைகிறது? இங்கே வேலைக்கு ஆள் இல்லை என்பதுதானே காரணம்?

நல்ல கேள்வி, ஆனால் காரணம் அதுவல்ல. அரசு அரவைக் கணக்கில் 100 கிலோ புழுங்கல் நெல்லுக்கு 68 கிலோ அரிசி. மீதியிலும் வீணாவது கொஞ்சம்தான். உமி பாய்லருக்கு எரிபொருள், தவிடு எண்ணெய் ஆலைக்கு விலைபோகும். அதனால் நெல்லாகப் போனாலும் அரிசியாகப் போனாலும் வாடகையில் கரும்பு அளவுக்கு வித்தியாசம் வராது. ஆலையை வயலோடு கட்டிப்போடும் கயிறு இங்கே தளர்வு.

அப்புறம் ஈரம். குறுவை அறுவடை முடிவதற்குள் மழை வந்துவிடுகிறது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம்தான் வரம்பு. அதைத் தளர்த்தச் சொல்லித்தான் அடிக்கடி கோரிக்கை எழுகிறது. காங்கேயம் காய்ந்த பூமி, நெல்லை உலர்த்துவது எளிது. அங்கே ஆலைக்காரர் நம் நெல் முடிந்தால் கர்நாடக நெல் வாங்குவார், வருடம் முழுக்க இயந்திரம் ஓடும். நம் ஆலை குறுவைக்கும் சம்பாவுக்கும் ஓடிவிட்டு மற்ற மாதங்களில் நின்றால் வட்டி நிற்குமா?

திருத்துறைப்பூண்டியிலிருந்து: இதை ஒப்புக்கொள்ள முடியாது. நடவுக்கே மேற்கு வங்கத்திலிருந்து ஆள் வருகிறார்கள்!

நடவும் நவீன அரிசி ஆலையும் ஒன்றல்ல. ஆலையில் கையால் நடப்பது பெரும்பாலும் மூட்டை ஏற்றுவதும் இறக்குவதும்தான். ஒரு மூட்டைக்கு ஏற்றுகூலி எவ்வளவு, மூட்டை விலை எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

மன்னார்குடிக்காரர் மறுபடியும்: அப்படியென்றால் டெல்டாவில் அரிசி ஆலையே வைக்கக் கூடாதா?

தாராளமாக வைக்கலாம். நெல் உலர்த்தும் இயந்திரத்தோடு வையுங்கள், உமிக்கும் தவிட்டுக்கும் வாங்குபவரை முதலில் பிடியுங்கள். லாரிக்கு ரிட்டன் லோடு உண்டா என்று கட்டாயம் விசாரியுங்கள். காலியாகத் திரும்பும் லாரிக்காரர் இரண்டு பக்க டீசலையும் உங்கள் தலையில்தான் வைப்பார்.

திருபுவனத்திலிருந்து: பட்டு நூல் இங்கே கிடையாது, ஜரிகையும் கிடையாது. பிறகு ஏன் நெசவு இங்கே?

நூல் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வந்தாலும், ஒரு சேலைக்கு வேண்டியது கைப்பையில் அடங்கிவிடும். சேலை விலையில் அதன் வண்டிச் செலவு தூசு. நெசவாளியின் கைதான் பெரும் செலவு, அந்தக் கை இருக்கும் ஊருக்குத் தறி வரும். சுவாமிமலையில் சிலை வார்க்க உலோகம் வெளியூரிலிருந்து வருகிறது, மெழுகு உருவத்தின் மேல் பூசும் வண்டல் மண் காவிரியுடையது. அந்த மண்ணுக்குச் சந்தை விலை சொற்பம், ஆனால் அதைப் பதம் பார்க்கத் தெரிந்த ஸ்தபதியை லாரியில் ஏற்ற முடியாது.

கூலி மலிவான ஊர் எது? (ஐந்தாறு பேர்)

எல்லோருக்கும் ஒரே பதில். நாள்கூலியைப் பார்க்காதீர்கள், ஒரு பீஸுக்கு என்ன விழுகிறது என்று பாருங்கள். 500 ரூபாய் வாங்கி 50 பீஸ் தைப்பவரைவிட 700 வாங்கி 100 தைப்பவர் மலிவு. திருப்பூரில் கூலி அதிகம் என்று தெரிந்தும் அங்கேயே புது யூனிட் போடுகிறார்கள். சாயம், பிரின்டிங், ஊசி, மெக்கானிக் எல்லாம் கூப்பிடு தூரத்தில்.

நாகப்பட்டினத்திலிருந்து: ரயில்வே பணிமனை ஏன் திருச்சிக்குப் போனது?

நாகை ரயில் பாதையின் முனையில் இருக்கிறது, திருச்சி பல பாதைகள் கூடுமிடம். அதனால் 1920-களில் திருச்சி பொன்மலைக்கு மாற்றினார்கள்.

தஞ்சை மாவட்டத்தில் செம்பு உருக்காலை?

2020-ம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அதைத் தடை செய்கிறது. தடை இருப்பது நல்லது என்பதே என் எண்ணமும்.

மறுபடியும், கூலி மலிவான ஊர்?

மேலே எழுதியிருக்கிறேன், தயவுசெய்து படியுங்கள்.

பேராவூரணியிலிருந்து: தேங்காய் நார்த்தூள் கட்டி போட யூனிட் வைக்கலாமா?

வைக்கலாம். உதிரித் தூளை ஏற்றினால் எடை ஏறுமுன் லாரி நிரம்பிவிடும், அதனால் அழுத்தும் வேலை தோப்புப் பக்கத்தில்தான் நடக்க வேண்டும். 5 கிலோ கட்டியாக்கினால் தூத்துக்குடி கன்டெய்னர் கட்டுபடியாகும். வெளிநாட்டு வாங்குபவர் உப்பு குறைந்த தூளைக் கேட்பார். கழுவ நல்ல தண்ணீர் வேண்டும், போர் தண்ணீரை முதலில் பரிசோதியுங்கள். தூத்துக்குடியிலிருந்து ரிட்டன் லோடு யார் தருவார் என்று லாரி புக்கிங் ஆபீசில் கேட்டு எழுதி வையுங்கள். அந்த வாடகைச் சீட்டோடு வாருங்கள், அறிக்கை போட்டுத் தருகிறேன்.