வாளையும் விராலும்: பெயர் பற்றிய கேள்வி பதில்

தாமிரபரணியிலும் நம் குளங்களிலும் வாழும் பெரிய இரைகொல்லி மீன்களின் பெயர்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

சேரன்மகாதேவி வாசகர்: ஐயா, வாளை என்று கேட்டு வாங்கிய வெள்ளி நிற மீனைப் பார்த்து, இது வாளையே அன்று என்கிறார் என் மாமியார். யார் சொல்வது சரி?

கடைக்காரரும் உங்கள் மாமியாரும் அவரவர் ஊர் வழக்கைத்தான் சொல்லியிருக்கிறார்கள். வாள்போலத் தட்டையாகி வால்புறம் ஒடுங்கும் உடலை வைத்தே இப்பெயர் அமைந்தது என்று கருதுகிறேன். அதனால் ஆற்றங்கரையில் அப்பெயர் செதிலின்றி, மீசையோடு, வாய் கண்ணுக்கும் பின்னே கிழிந்திருக்கும் கெளுத்திச் சாதி மீனையும், உவரி, தூத்துக்குடிக் கரையில் மீசையோ வால்துடுப்போ இல்லாத நாடா போன்ற கடல்மீனையும் குறிக்கிறது. கடல்மீனைச் சாவாளை என்று பிரித்துச் சொல்வோரும் உண்டு. நீங்கள் ‘ஆற்று வாளை’ என்று அடைகூட்டிக் கேளுங்கள். 1801இல் ஜெர்மானிய அறிஞர்கள் ப்ளாக்கும் ஷ்னைடரும் மலபார்ப் பகுதியின் ஆற்று வாளைக்கு இட்ட ‘அட்டு’ என்ற அறிவியல் பெயரிலும் ஒலிப்பது அந்த ‘ஆற்று’ என்ற சொல்தான். ஒரு மீட்டரையும் தாண்டி வளரும் இந்த மீன், உலக அளவில் அழிவுக்கு உள்ளாகக்கூடியவற்றின் பட்டியலில் சேர்ந்துவிட்டது எனக்குப் பெருங்கவலை தருகிறது.

மானூர் வாசகர்: குரவை என்பது விராலின் குட்டிதானே?

அன்று. குரவை தனி இனம். பெரும்பாலும் ஒரு சாண் அளவோடு நின்றுவிடும். விராலின் குஞ்சுகளோ செந்நிறமாகக் கூட்டமாய் நீர்மட்டத்துக்கு வந்து வந்து போகும். அவற்றின் அடியில் பெற்ற மீன்கள் காவல் நிற்கும். அந்த இடத்தில் தூண்டில் போடாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் காவல் போனால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். விராலைவிடப் பெரிதாக வளர்வது பூவிரால். இளமையில் அதன் வாலடியில் கண் போன்ற கரும்புள்ளி ஒன்று வளையத்தோடு தெரியும்.

செங்கோட்டை வாசகர்: விரால், வரால், எது சரி?

வரால் பழைய வடிவம். ‘அயிரை விட்டு வராலை வாங்கு’ என்ற பழமொழியிலும், மலைக்கு அப்பால் புனலூர்ப் பக்கத்து மலையாளப் பேச்சிலும் அது அப்படியே நிற்கிறது. நம் சந்தையில் விரால் என்பதே வழக்கம், இரண்டும் பிழையல்ல.

ஏரல் வாசகர்: விலாங்கு பாம்பினமா?

மீன்தான், செவுளும் மார்புத் துடுப்பும் உண்டு. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று அதன்மேல் பழி சுமத்திவிட்டோம். ஆற்றில் பல ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிட மட்டும் அது கடலுக்குப் போகிறது. அதன் குஞ்சுகள் கழிமுகம் வழியாக மீண்டும் ஆற்றில் ஏறுகின்றன. ஆகவே ஒவ்வொரு தடுப்பணையும் அதன் பாதையில் ஒரு சுவர்.

ஆத்தூர் வாசகர்: கொடுவாவை ஆற்றுமீன் என்று சொல்லலாமா?

புன்னைக்காயல் கழிமுகம் போன்ற இடங்களில் உப்பிலும் நன்னீரிலும் மாறி மாறி வாழும் மீன் அது. முட்டையிட உப்புநீர் வேண்டும் என்பதால், கழிமுக மீன் என்பதே பொருத்தமாக இருக்கும்.