கொரோனாக் காலத்தில் பேருந்துக்குச் செலவிட்ட பணம் கடைகளுக்கு என்ன செய்தது?

கேள்வி: கொரோனாக் காலத்தில் தமிழ்நாட்டில் போக்குவரத்துக்கும் சிறு வணிகங்களுக்கும் ஒதுக்கப்பட்ட நிதியில் எது உண்மையிலேயே உதவியது? மறுபடியும் அப்படி ஒரு நிலை வந்தால் எதை மாற்ற வேண்டும்?

அம்பத்தூரில் சிறு பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பதும், அவர்களுடைய ஜிஎஸ்டி படிவங்களைத் தாக்கல் செய்வதும் என் தொழில். அரசு ஒவ்வொன்றாக அறிவித்தபோது, "இது நமக்குக் கிடைக்குமா?" என்று கேட்டு வந்தவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலையும், பிறகு அந்தப் பணம் அவர்கள் கணக்கில் வரவாக ஏறியதா என்று பார்க்கும் வாய்ப்பும் எனக்கு இருந்தன. அதை வைத்துச் சொல்வதானால், ரேஷன் அட்டை வழியாகக் குடும்பங்களுக்குப் போன ரொக்கம் மிக விரைவாகக் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. கடன் திட்டங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வங்கியில் கடன் வைத்திருந்தவர்களுக்கே பயன்பட்டன. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி, பேருந்துகளை ஓட்டுவதற்குச் செலவிட்ட பணம்தான். அந்தப் பணத்தைப் போக்குவரத்துக் கழகங்களின் நட்டம் என்று மட்டுமே பேசினோம். வணிகத்துக்குக் கொடுத்த ஆதரவாக அதை எண்ணிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

ரொக்கத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 24 மாலை 6 மணி முதல் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தபோது, அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி ரூ.3,280 கோடி மதிப்பிலான நிவாரணத்தை அறிவித்தார். அரிசி அட்டைதாரர்களுக்குத் தலா ரூ.1,000 ரொக்கமும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் அதில் அடங்கும். இரண்டாம் அலையின்போது, 2021 மே 7 அன்று பதவியேற்ற மு.க.ஸ்டாலின் முதல் நாளிலேயே கையெழுத்திட்ட ஆணைகளில் ஒன்று அரிசி அட்டைக்கு ரூ.4,000 வழங்குவது. சுமார் 2.07 கோடிக் குடும்பங்களுக்கு ரூ.4,153 கோடி செலவில், மே மாதமும் ஜூன் மாதமும் இரண்டு தவணைகளாக அது வழங்கப்பட்டது.

நான் கணக்குப் பார்க்கும் ஒரு மளிகைக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே பற்று நோட்டு இருக்கும். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்; சிலருடைய பக்கம் நிரம்பி, பின்னால் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. ரேஷன் கடையில் முதல் தவணை ரூ.2,000 கொடுக்கத் தொடங்கிய வாரத்தில், அந்த நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் "வரவு 500", "வரவு 1000" என்று சிவப்பு மையில் எழுதப்பட்டிருந்ததைப் பார்த்தேன். அந்த வரவைக் கொண்டுதான் கடைக்காரர் தன் மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய பாக்கியில் ஒரு பகுதியை அடைத்து, அடுத்த சரக்கை எடுத்தார். கடைக்காரரின் பெயரில் அரசு எந்த உதவியும் அறிவிக்கவில்லை. ஆயினும் அந்த மாதம் அவர் கடையைத் திறந்து வைத்திருக்க முடிந்ததற்கு அந்த ரூ.2,000 முக்கியக் காரணம். குடும்ப அட்டைப் பட்டியல் ஏற்கெனவே கையில் இருந்ததாலும், டோக்கன் கொடுத்து நாள் வாரியாகப் பிரித்து வழங்கும் பழக்கம் நம் ரேஷன் கடைகளுக்குப் பொங்கல் பரிசு வழங்கியே கைவந்திருந்ததாலும்தான் இவ்வளவு விரைவு சாத்தியமாயிற்று. அட்டை இல்லாமல் வாடகை அறையில் தங்கி வேலை பார்த்தவர்கள் விடுபட்டுப் போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கடன்களின் கதை வேறு. 2020 மே மாதத்தில் மத்திய அரசு அறிவித்த ரூ.3 லட்சம் கோடி அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் நல்ல திட்டம்தான்; ஆனால் 2020 பிப்ரவரி 29 அன்று ஒருவருக்கு நிலுவையில் இருந்த கடனில் 20 விழுக்காடு வரை, அடமானம் கேட்காமல் கூடுதல் கடன் தருவதுதான் அதன் அமைப்பு. பிப்ரவரி 29 அன்று வங்கிக் கடனே இல்லாதவருக்கு அந்த 20 விழுக்காடு சுழியமாகிவிடுகிறது. சீட்டு எடுத்தும், உறவினரிடம் கைமாற்று வாங்கியும், மனைவியின் நகையை வைத்தும் தொழில் நடத்திய சிறு பட்டறைக்காரர்கள் எனக்குத் தெரிந்தே பலர். வங்கிக் கடன் வாங்கவில்லை என்ற ஒரே காரணத்தால் அவர்கள் அந்த வாசலுக்கு வெளியே நின்றார்கள். தெருவோர வியாபாரிகளுக்கு ரூ.10,000 கடன் தரும் திட்டத்திலும் அடையாள அட்டையோ உள்ளாட்சி அமைப்பின் பரிந்துரைக் கடிதமோ தேவைப்பட்டது.

மாநில அரசு செய்தவற்றில், என்னைப் பொறுத்தவரை, அதிகம் பேசப்படாத ஒன்றுதான் பட்டறைகளுக்கு நேரடியாக உதவியது. 2021 மே மாதத்தில், சிறு, குறு நிறுவனங்களுக்கான மூலதன மானியமாக அந்த ஆண்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்த ரூ.280 கோடியில் 60 விழுக்காட்டை, அதாவது ரூ.168 கோடியை, உடனடியாக விடுவிக்க முடிவு செய்தார்கள். அது புதிய பணம் அல்ல; இயந்திரம் வாங்கிவிட்டு மானியத்துக்காகக் காத்திருந்தவர்களுக்கு எப்படியும் வர வேண்டிய பணம். லேத் பட்டறை வைத்திருக்கும் என் வாடிக்கையாளர் ஒருவர், "இன்னொரு கடன் வேண்டாம் சார், எனக்கு வர வேண்டியதைச் சீக்கிரம் கொடுத்தாலே போதும்" என்று அதற்கு முந்தைய ஆண்டே சொல்லியிருந்தார். நெருக்கடிக் காலத்தில் அரசு எடுக்கக்கூடிய மிகச் சிக்கனமான முடிவு, தான் தர வேண்டிய பாக்கிகளைத் தாமதிக்காமல் தருவது. உரிமங்களின் காலக்கெடுவை நீட்டித்ததும், கடன் ஆவணங்களுக்கு முத்திரைத் தாள் கட்டணத்திலிருந்து விலக்கு அளித்ததும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

இனிப் பேருந்துக்கு வருகிறேன். இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

2020 மே 25 முதல் அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகள் 25 விழுக்காடு ஆட்களுடன் இயங்க அனுமதி கிடைத்தது. அன்று சென்னையில் மாநகரப் பேருந்தும் இல்லை, மின்சார ரயிலும் இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்களில் பெரும் பகுதியினர் ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து ரயிலிலும், செங்குன்றம், பாடி, வில்லிவாக்கம் பக்கத்திலிருந்து பேருந்திலும் வருபவர்கள். பெரிய நிறுவனங்கள் வேன் அமர்த்திக் கொண்டன. பத்துப் பேருக்கும் குறைவான ஆட்களை வைத்து நடத்துகிற பட்டறைக்கு வேன் கட்டுப்படியாகாது. முதலாளியே இரண்டு சக்கர வண்டியில் போய் ஆட்களை ஒருவர் ஒருவராக அழைத்து வந்ததையும், இயந்திரம் ஓட்டுபவர் பட்டாபிராமிலிருந்து சைக்கிள் மிதித்து வந்ததையும் நான் அறிவேன். அந்த மே மாதத்தில், அதுவரை என் கணக்கேடுகளில் இல்லாத "வேன் வாடகை" என்ற செலவுத் தலைப்பு பல நிறுவனங்களுக்குப் புதிதாகத் திறக்க வேண்டியதாயிற்று. சில பட்டறைகளில் அந்தத் தொகை, கட்டட வாடகைக்கு ஈடாக ஏறியது. ஆர்டர் இருந்தது, மின்சாரம் இருந்தது, அனுமதியும் இருந்தது. ஆள் வந்து சேரத்தான் வழியில்லை.

ஜூன் 19 முதல் ஜூலை 5 வரை சென்னையிலும் சுற்றியுள்ள பகுதிகளிலும் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது. மாநகரப் பேருந்துகள் செப்டம்பர் 1 அன்றுதான் ஓடத் தொடங்கின. மெட்ரோ ரயில் செப்டம்பர் 7 அன்று தொடங்கியது. மின்சார ரயிலில் பொதுமக்கள் எல்லோரும் ஏற டிசம்பர் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் நெரிசல் இல்லாத நேரங்களில் மட்டும். பேருந்து ஓடத் தொடங்கிய பின் வந்த மாதங்களில் "வேன் வாடகை" என்ற தலைப்பு ஒவ்வொரு ஏட்டிலும் சுருங்கி மறைந்ததை நான் என் கையாலேயே எழுதினேன். தொழிற்பேட்டைப் பேருந்து நிலையத்துக்கு அருகே உள்ள ஒரு டிபன் கடை, அனுமதி கிடைத்த நாள் முதலே பார்சல் கொடுத்து வந்தது. ஆனால் காலை ஷிப்டுக்கு இறங்குபவர்களும் ஓட்டுநர், நடத்துநர்களும் திரும்பி வந்த பிறகுதான் அதன் தினசரி வசூல், கேஸ் சிலிண்டர் செலவையும் மாஸ்டர் சம்பளத்தையும் தாங்கும் அளவுக்கு உயர்ந்தது. அந்தக் கடைக்கு ஆறு மாத வட்டித் தள்ளுபடி கொடுத்திருந்தாலும் இது நடந்திருக்காது.

கோயம்பேட்டிலும் இதே பாடம்தான். தொற்று பரவியதால் 2020 மே 5 அன்று சந்தை மூடப்பட்டு, காய்கறி மொத்த வியாபாரம் நகருக்கு வெளியே உள்ள திருமழிசைக்கு மாற்றப்பட்டது. அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தள்ளுவண்டிக்காரரும் சிறு காய்கறிக் கடைக்காரரும் அங்கே போய்வரப் பேருந்து இல்லாமல், நான்கைந்து பேராகச் சேர்ந்து சின்ன லோடு வண்டி பிடித்தார்கள். அந்த வாடகை முழுவதும் காய்கறி விலையில்தான் ஏறியது. காய்கறி வியாபாரம் செப்டம்பர் 28 அன்று கோயம்பேட்டுக்குத் திரும்பும் வரை இந்த நிலை நீடித்தது.

இந்தப் பின்னணியில் போக்குவரத்துக் கழகங்களின் நிதிநிலையைப் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் ரூ.59.15 இழப்பு ஏற்படுகிறது என்று சொன்னது. பேருந்துக் கட்டணம் கடைசியாக உயர்த்தப்பட்டது 2018 ஜனவரியில்; வண்டி ஓடாத மாதங்களிலும் ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பணம் தேவைப்பட்டது. இதனிடையே 2020 மே மாதம் மாநில அரசு வருவாய் இழப்பை ஈடுகட்ட டீசல் மீதான வரியை லிட்டருக்கு ரூ.2.50 அளவுக்கும், பெட்ரோல் மீதான வரியை ரூ.3.25 அளவுக்கும் உயர்த்தியது. டாஸ்மாக்கும் பதிவுத் துறையும் முடங்கிக் கிடந்த நேரத்தில் அரசுக்கு வேறு வழி குறைவு என்பது எனக்குப் புரிகிறது. இருந்தும், 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு ரூ.3 குறைத்தபோது டீசலைத் தொடாமல் விட்டது எனக்கு வருத்தம் தந்தது. பேருந்தும் லோடு வண்டியும் டீசலில்தான் ஓடுகின்றன.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் என்ற ஆணையும் 2021 மே 7 அன்று கையெழுத்தானதே. அதற்காகப் போக்குவரத்துக் கழகங்களுக்கு ஆண்டுக்கு ரூ.1,200 கோடி ஈடு செய்யப்படும் என்று அறிவித்தார்கள். மே 8 அன்று நடைமுறைக்கு வந்து, மே 10 அன்று முழு ஊரடங்கு தொடங்கியதால், சென்னைப் பெண்கள் அதை உண்மையில் பயன்படுத்தத் தொடங்கியது ஜூன் 21 அன்று பாதி இருக்கைகளுடன் பேருந்துகள் மீண்டும் ஓடியபோதுதான். பிறகு மாநிலத் திட்டக்குழு செய்த ஆய்வில், பயனாளிகள் மாதத்துக்குச் சராசரியாக ரூ.888 சேமிக்கிறார்கள் என்று தெரியவந்தது. எட்டாயிரம், ஒன்பதாயிரம் சம்பளத்தில் கடையிலோ பேக்கிங் பிரிவிலோ நிற்கும் ஒரு பெண்ணுக்கு அது சம்பள உயர்வுக்குச் சமம். பட்டறை முதலாளிகள் சிலரே, தொலைவிலிருந்தும் பெண்கள் வேலை கேட்டு வரத் தொடங்கியதாக என்னிடம் சொன்னார்கள். இந்த உதவிக்குச் சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு வேண்டாம், வங்கி மேலாளரின் கையெழுத்து வேண்டாம். பேருந்தில் ஏறினால் போதும். பட்டியலில் இல்லாதவரையும் சென்றடையும் உதவி என்று நான் மதிப்பது இதைத்தான். சென்னையில் சாதாரணக் கட்டண வண்டிகளான வெள்ளைப் பலகைப் பேருந்துகளுக்காக நிறுத்தத்தில் வெகுநேரம் காத்திருக்க நேர்ந்தது உண்மையான குறை. ஈடு செய்யும் தொகையோடு வண்டிகளின் எண்ணிக்கையையும் சேர்த்து முடிவு செய்திருக்க வேண்டும்.

ஆட்டோ ஓட்டுநர்களுக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. 2020இல் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தவர்களுக்கு ரூ.1,000 தரப்பட்டது, 2021இல் ஆட்டோ, டாக்சிகளுக்கு வரி கட்ட மூன்று மாத அவகாசம் தந்தார்கள். ஆனால் நாள் வாடகைக்கு வண்டி எடுத்து ஓட்டுபவர் பெயரில் பர்மிட் இல்லை. நல வாரிய அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டவரும் ஏராளம். சொந்த வண்டி வைத்திருந்தவருக்கோ வரியைவிடப் பைனான்ஸ் தவணைதான் பெரிய சுமை. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணைகளைத் தள்ளிவைக்க அனுமதித்தபோதும், அந்த மாதங்களுக்கான வட்டி அசலோடு சேர்ந்துகொண்டது.

மறுபடியும் இப்படி ஒரு நிலை வந்தால், தொழிற்பேட்டையையோ சந்தையையோ திறக்க அனுமதிக்கும் அரசாணையிலேயே, அங்கே எந்தத் தடங்களில் எத்தனை பேருந்துகள் ஓடும், அவற்றின் இழப்பை எந்தக் கணக்கிலிருந்து ஈடு செய்வது என்பதும் இடம்பெற வேண்டும் என்று கேட்பேன். 25 விழுக்காடு ஆட்களுக்கு அனுமதி என்றால், பாதி காலியாக ஓடும் பேருந்துக்கு ஆகும் டீசலும் அந்த அனுமதியின் செலவுதான். சிறு நிறுவனங்களுக்கு அரசு தர வேண்டிய மானியப் பாக்கியையும் பில் பாக்கியையும் முதல் மாதத்திலேயே தீர்த்துவிடலாம். ஆட்டோ ஓட்டுநர்களைப் பொறுத்தவரை, நெருக்கடி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை: எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்காக வண்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு வரும்போதே, உரிமையாளர் யாராக இருந்தாலும் அதை ஓட்டுபவரின் பெயரையும் வங்கிக் கணக்கு எண்ணையும் நல வாரியத்தில் பதிந்து, பழைய அட்டையையும் அங்கேயே புதுப்பித்துக் கொடுக்கும் ஏற்பாட்டை இப்போதே தொடங்கலாம்.